அணு சக்தில கார் ஓடுமா? நோட்டும் பேனாவும் எடுத்து நீங்களே கணக்கு போட்டு பாக்குறது எப்படி

எங்க அண்ணன் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், ஒரு நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்ல வந்த மெசேஜை தூக்கிட்டு நேரா கடைக்கு வந்துட்டான். நான் சேலம் சூரமங்கலத்துல மோட்டார் ரீவைண்டிங் பண்றேன், அன்னைக்கு ஒரு போர்வெல் மோட்டாரை பிரிச்சு போட்டு கையெல்லாம் வார்னிஷ். "சித்தப்பா, 8 கிராம் தோரியம் போட்டா கார் ஆயுசு பூரா ஓடுமாம், பெட்ரோலும் வேண்டாம் சார்ஜும் வேண்டாமாம், நிஜமா?"னு கேட்டான். தோரியம்னா யுரேனியம் மாதிரி அணு சக்திக்கு எடுக்கற ஒரு உலோகம். பொய்னு ஒரே வார்த்தைல சொல்லி அனுப்பிருக்கலாம். ஆனா சும்மா பொய்னு சொன்னா அடுத்த மெசேஜ் வந்தா மறுபடி நம்பத்தான் செய்வான், அதனால கைய கழுவிட்டு ஒரு பழைய பில் நோட்டை எடுத்து ரெண்டு பேரும் உக்காந்து போட்டோம், ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அந்த கணக்கத்தான் இங்க எழுதறேன், பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ் போதும்ங்க, போன்ல இருக்கற கால்குலேட்டர் போதும்.

முதல்ல எழுத வேண்டியது காருக்கு எவ்ளோ வேணும்ங்கறது. நிறைய பேர் இதை விட்டுட்டு நேரா யுரேனியத்துக்கு போயிடறாங்க, அங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது. ஒரு சாதாரண எலக்ட்ரிக் கார் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 0.15 யூனிட் கரண்ட் சாப்பிடும், அதாவது 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட். இது சமதளத்துக்கு. நம்ம ஊர்ல இருக்கறவங்க ஏற்காடு கணக்கையும் போட்டுடணும், ஏன்னா மலை ஏறும்போதுதான் ஒரு வண்டியோட உண்மையான பவர் தேவை தெரியும். சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் வாக்குல இருக்கு, ஏற்காடு 1500 மீட்டர் வாக்குல, ஆக 1200 மீட்டர் ஏத்தம். ஆளோட சேத்து 1500 கிலோ வண்டினு வெச்சுக்குங்க. எடை பெருக்கல் 9.8 பெருக்கல் உயரம், 1500 × 9.8 × 1200, ஒரு கோடியே எழுபத்தாறு லட்சம் ஜூல் வரும், அதை 36 லட்சத்தால வகுத்தா யூனிட் கணக்கு, கிட்டத்தட்ட 5 யூனிட். வெறும் எடைய மேல தூக்குறதுக்கே இது. டயர் உராய்வு, காத்து, மோட்டார் சூடு எல்லாம் சேத்து சேலத்துல இருந்து மேல போய் சேர 9, 10 யூனிட் ஆகும். 20 ஹேர்பின் பெண்டையும் முக்கால் மணி நேரத்துல ஏறுறோம்னு வெச்சா அந்த நேரம் பூரா 12ல இருந்து 15 கிலோவாட் தொடர்ந்து வேணும். இந்த 15 கிலோவாட்டை பெருசா எழுதி வட்டம் போட்டு வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் இதை வெச்சுத்தான் எல்லாத்தையும் அளக்க போறோம்.

அடுத்தது ஒரு கிராம்ல எவ்ளோ சக்தி இருக்குங்கறது. யுரேனியம்-235 ஒரு கிராம் முழுசா பிளந்தா வர்ற வெப்பம் சுமார் 22,800 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கறது 9 யூனிட் சொச்சம், ஆக ஒரு கிராம் யுரேனியம் 2,500 லிட்டர் பெட்ரோலுக்கு சமம், ரெண்டு மூணு சிட்டிகை உப்பு எடைக்கு ஒரு சின்ன டேங்கர் லாரி. தோரியத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். இப்ப மெசேஜ்ல சொன்ன 8 கிராமை போடுவோம். 8 × 22,800, ஒரு லட்சத்து எண்பத்தி ரெண்டாயிரம் யூனிட் வெப்பம். வெப்பத்தை கரண்ட் ஆக்கும்போது மூணுல ஒரு பங்குதான் கைக்கு வரும், ஆக 60,000 யூனிட். அதை 0.15ஆல வகுத்தா 4 லட்சம் கிலோமீட்டர். ஒரு காரோட ஆயுசுக்கு தாராளம்!

பையன் அப்படியே நிமிந்து பாத்தான், "அப்ப நிஜம்தானே சித்தப்பா"ன்னான். கண்ணு, கணக்கு நிஜம், கார்தான் நிஜம் இல்லனு சொன்னேன். இந்த மாதிரி மெசேஜ் எல்லாம் பரவுறதுக்கு காரணமே இதுதாங்க, அதுல இருக்கற பெருக்கல் சரியா இருக்கும், யார் போட்டு பாத்தாலும் சரியா வரும், ஆனா அந்த சக்திய வெளிய எடுக்கற மிஷினை பத்தி ஒரு வரி இருக்காது. விறகுல தீ இருக்குன்னா போதாது, அடுப்பு வேணும், அடுப்போட சைஸ் என்னங்கறதுதான் கேள்வி.

அதனால மூணாவதா அடுப்பை பாக்கணும், இதுலதான் நிதானமா உக்காரணும். தோரியம் தானா பிளக்காதுங்க. அது ஒரு நியூட்ரானை வாங்கி, நடுவுல புரோட்டாக்டினியம்னு ஒண்ணா மாறி, அப்பறம்தான் யுரேனியம்-233 ஆகும், அதுதான் எரியற சரக்கு. நடுவுல இருக்கற அந்த புரோட்டாக்டினியத்துல பாதி மாறவே 27 நாள் ஆகும். சாவிய திருப்புன உடனே ஓட தோரியம் பெட்ரோல் கிடையாது, பச்சை விறகு மாதிரி, முதல்ல வேற ஒரு அடுப்புல வெச்சு காய வெக்கணும். சரி, எரியற சரக்கே 8 கிராம் கைல இருக்குனு வெச்சுக்கலாம், அப்பவும் பத்தாது, ஏன்னா ஒரு அணு பிளந்தா வர்ற நியூட்ரான் அடுத்த அணுவை தட்டணும், அது அடுத்ததை தட்டணும், சரக்கு கம்மியா இருந்தா நியூட்ரான் எல்லாம் வெளிய ஓடிப்போயிடும், சங்கிலி அறுந்துடும். இதுக்கு ஒரு குறைஞ்சபட்ச அளவு இருக்கு, 8 கிராம் அதுக்கு பக்கத்துல கூட வராது.

இதுக்கு ரொம்ப தூரம் போய் உதாரணம் தேட வேண்டாம், நம்ம கல்பாக்கத்துலயே இருக்கு. அங்க காமினினு ஒரு சின்ன ரியாக்டர் (அணு உலை), 1996ல ஓட ஆரம்பிச்சது, தோரியத்துல இருந்து எடுத்த யுரேனியம்-233ஐ போட்டே ஓடறது. அதுக்குள்ள இருக்கற சரக்கு 600 கிராம் வாக்குல. அது குடுக்கற பவர் 30 கிலோவாட், அதுவும் வெப்பமா. கரண்ட் எடுக்க கட்டினது இல்ல அது, நியூட்ரானை வெச்சு பொருளோட உள்பக்கத்தை படம் எடுக்கறதுக்கும் ஆராய்ச்சிக்கும் கட்டினது. ஒரு பேச்சுக்கு அந்த 30ல மூணுல ஒரு பங்கை கரண்ட்டா எடுத்தாலும் 10 கிலோவாட், நாம வட்டம் போட்டு வெச்ச 15க்கே பத்தல, ஏற்காட்டுக்கு இருக்கற இன்னொரு ரோடு, குப்பனூர் வழியா போனாலும் ஏறாது. தண்ணி தொட்டிக்குள்ள உக்காந்து சுத்தி தடுப்பு கட்டி பில்டிங்குக்குள்ள இருக்கற ஒரு சின்ன ரியாக்டருக்கே இந்த நிலைமை. எனக்கு இந்த காமினி விஷயம் தெரிஞ்சப்ப பெருமையா இருந்துச்சு, தோரியத்துல இருந்து வந்த சரக்குல ஒரு ரியாக்டர் நம்ம கடற்கரையிலயே ஓடுதுனு நம்ம பசங்க எத்தனை பேருக்கு தெரியும்.

இப்ப தடுப்பு சுவர் கணக்கு. ரியாக்டர் ஓடும்போது காமா கதிரும் நியூட்ரானும் வெளிய வரும், அதுக்கு நடுவுல ஈயமும் கான்கிரீட்டும் தண்ணியும்தான் நிக்கணும், மெல்லிசா தகடு அடிச்சா நிக்காது. ஒரு மீட்டர் நீள அகல உயரத்துக்குள்ள குட்டியா ஒரு ரியாக்டர் செஞ்சுட்டாங்கனு வெச்சுக்கலாம், சுத்தி எல்லா பக்கமும் ஒரே ஒரு மீட்டர் கான்கிரீட். வெளி அளவு 3 மீட்டர், 3 × 3 × 3 = 27, உள்ள 1 கழிச்சா 26 கன மீட்டர். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2.4 டன், ஆக 62 டன். நாம போட்ட கார் ஒன்றரை டன். இந்த 62ஐ தூக்கிட்டு மலை ஏறணும்னா மறுபடி முதல் கணக்குக்கே போகணும், 15 கிலோவாட் அறுநூறு கிலோவாட்டை தாண்டிடும், அதுக்கு இன்னும் பெரிய ரியாக்டர், அதுக்கு இன்னும் கெட்டி சுவர். அது எங்கயும் போய் நிக்காது. கப்பல், நீர்மூழ்கிக்கு மட்டும் இது ஒத்து வர்றதுக்கு காரணமும் இதுதான், ஆயிரக்கணக்கான டன்னை தண்ணி தாங்கிக்குது, சுத்தி கடலே இருக்கு. நம்ம ஐ.என்.எஸ். அரிஹந்த் நீர்மூழ்கி அணு சக்திலதான் போகுது.

கார்ல இதை யாரும் யோசிக்கலயானு கேட்டா யோசிச்சாங்க. 1958ல அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனி நியூக்ளியான்னு ஒரு மாடல் பண்ணாங்க, பின்னாடி டிக்கி இருக்கற இடத்துல ரியாக்டர் வெக்கற மாதிரி, ஒரு தடவை சரக்கு போட்டா 5,000 மைல், அதாவது 8,000 கிலோமீட்டர் போகும், தீந்தா ஸ்டேஷன்ல போய் அந்த டப்பாவையே மாத்திக்கலாம்னு ஐடியா. கடைசி வரைக்கும் நிஜ காரா வரவே இல்ல, எட்டுல மூணு பங்கு சைஸ்ல ஒரு பொம்மை மாடல்தான், இப்ப மியூசியத்துல இருக்கு. அதே காலத்துலதான் ஒரு பாம்பர் விமானத்துல 1 மெகாவாட் ரியாக்டரை ஏத்தி 47 தடவை பறந்து பாத்தாங்க, என்.பி-36னு பேரு. ரியாக்டர் சும்மா உள்ள ஓடிட்டு இருந்துச்சு, பறக்க வெச்சது வழக்கமான இன்ஜின்தான், பைலட்டுங்களை காப்பாத்த ஈயமும் ரப்பரும் வெச்ச தடுப்பு கேபின் மட்டும் 11, 12 டன். 1961ல அந்த திட்டத்தையே நிறுத்திட்டாங்க. அன்னைக்கு அவங்களை தப்பு சொல்ல மாட்டேன், புதுசா ஒரு சக்தி கைக்கு வந்தா எல்லாத்துலயும் வெச்சு பாக்கணும்னு தோணத்தான் செய்யும்.

சுவர் எடைய எப்படியோ குறைச்சுட்டாங்கனே வெச்சுக்குங்க, அப்பவும் எனக்கு ரெண்டு பயம் இருக்கு, ரெண்டும் கணக்குலயே எழுத வேண்டியது. ஒண்ணு, ரியாக்டரை ஆஃப் பண்ணினாலும் முழுசா ஆஃப் ஆகாது. நிறுத்தின நிமிஷத்துல பழைய பவர்ல 6, 7 சதவீதம் வெப்பம் வந்துட்டே இருக்கும், ஒரு நாள் கழிச்சும் அரை சதவீதம் வாக்குல இருக்கும். வீட்டு போர்ட்டிகோல நிறுத்திட்டு தூங்க போனா கீழ ஒரு ஹீட்டர் ஓடிட்டே இருக்கும், அதுக்கு தண்ணியோ காத்தோ யாராவது குடுத்துட்டே இருக்கணும். இன்னொண்ணு விபத்து. ஏற்காடு ரோட்டுல மழை நாள்ல, பனில, வண்டி தடுப்பு சுவரை இடிச்சு நின்னதை நானே பாத்துருக்கேன். பெட்ரோல் வண்டினா தீயணைப்பு வண்டி வந்து அணைச்சுட்டு அன்னைக்கே ரோட்டை திறந்துடலாம். அணு சரக்கு கொட்டினா கீழ இருக்கற ஓடை, காபி தோட்டம், அங்க வேலை செய்யற ஜனங்க, எல்லாரையும் யோசிக்கணும். அணு உலை வெடிச்ச செர்னோபில்ல 1986ல சுத்தி 30 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் ஆளை காலி பண்ணாங்க, ஏற்காடை நடுவுல வெச்சு அதே வட்டம் போட்டா சேலம் டவுன் முழுசா உள்ள வந்துடும். கார் ரியாக்டர் அதுல ரொம்ப ரொம்ப சின்னதுங்கறதையும் சொல்லணும், ஆனா செர்னோபில் ஒரே ஒரு இடத்துல இருந்தது, கார்னா லட்சக்கணக்குல ஊர் பூரா சுத்தும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எக்ஸ்பர்ட்டை பக்கத்துல உக்கார வெக்க முடியாது.

ரியாக்டர் வேண்டாம், செவ்வாய் கிரகத்துல ஓடுதே அந்த மாதிரி அணு பேட்டரி வெக்கலாமேனு கேப்பாங்க. நல்ல கேள்வி, இதையும் போட்டுடலாம். 2012ல செவ்வாய்ல இறங்கின க்யூரியாசிட்டி வண்டில இருக்கறதுக்கு பேரு ஆர்.டி.ஜி., புளூட்டோனியம்-238 தானா சிதையும்போது வர்ற சூட்டுல இருந்து கரண்ட் எடுக்கும், சங்கிலி வினை எல்லாம் கிடையாது. 4.8 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு, மொத்த எடை 45 கிலோ, வெப்பம் 2,000 வாட், கைக்கு வர்ற கரண்ட் ஆரம்பத்துல 110 வாட். ரெண்டு சீலிங் ஃபேனுக்கு கூட முழுசா பத்தாதுங்க. அதனாலதான் அந்த வண்டி மணிக்கு 150 மீட்டர் கூட போகாது. நம்ம 15 கிலோவாட்டை 110ஆல வகுங்க, 136 பெட்டி, 45ஆல பெருக்குங்க, 6 டன். சரி பேட்டரில சேத்து வெச்சு ஓட்டலாமே, அப்படியும் போடுவோம்: 110 வாட் × 24 மணி நேரம் = ஒரு நாளைக்கு 2.6 யூனிட், 17 கிலோமீட்டர் வரும். அஸ்தம்பட்டில வீடு, கொண்டலாம்பட்டில வேலைனா போய்ட்டு வந்துடலாம்! இங்க பையனுக்கு மறுபடி முகம் மலந்துச்சு. ஆனா அந்த புளூட்டோனியம் பூமில தோண்டி எடுக்கறது இல்ல, ரியாக்டருக்குள்ள வெச்சு செய்யணும், அமெரிக்கா மறுபடி செய்ய ஆரம்பிச்சப்ப வெச்ச இலக்கே வருஷத்துக்கு ஒன்றரை கிலோதான். ஒரு காருக்கு பல வருஷ உற்பத்தி போயிடும், போதாததுக்கு அது தூளாகி மூச்சுல போனா நுரையீரல்லயே தங்கிடற சரக்கு.

2024 ஜனவரில சீனாவுல ஒரு கம்பெனி 50 வருஷம் சார்ஜே போட வேண்டாத நிக்கல்-63 பேட்டரினு அறிவிச்சாங்களே, அதை வெச்சும் கார் வரப்போகுதுனு சுத்துனாங்க. அதுக்கு ஒரு வகுத்தல் போதும், அது குடுக்கறது 100 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டுல பத்தாயிரத்துல ஒரு பங்கு, 15 கிலோவாட்டுக்கு 15 கோடி பேட்டரி வேணும், அடுக்கினா 10க்கு 10 ரூம் ஆறு ரொம்பிடும். சின்ன சென்சாருக்கு அருமையான பொருள், காருக்கு இல்ல.

இவ்ளோ சொல்லிட்டு அணு கார் கிடையாதுனு முடிச்சா அது தப்பு, ஏன்னா இருக்கு, இன்னைக்கே ஓட்டலாம். அடுப்பை அது இருக்க வேண்டிய இடத்துல வெச்சுட்டு கரண்ட்டை மட்டும் கம்பி வழியா இங்க கொண்டு வர்றதுதான் அந்த வழி. கூடங்குளத்துல 1,000 மெகாவாட்ல ரெண்டு ரியாக்டர், ஒண்ணு 2014 கடைசில இருந்தும் இன்னொண்ணு 2017ல இருந்தும் முறையா ஓடுது, இன்னும் நாலு கட்டிட்டு இருக்காங்க. கல்பாக்கத்துல 1980கள்ல ஓட ஆரம்பிச்ச 220 மெகாவாட் ரியாக்டர் ரெண்டு, கூடவே 500 மெகாவாட் ஈனுலை, அதாவது ஓடும்போதே புது சரக்கையும் உண்டாக்கற ரியாக்டர், 2024 மார்ச்ல அதோட மையப்பகுதிய (கோர்) அடுக்க ஆரம்பிச்சாங்க. கன்னியாகுமரி மணவாளக்குறிச்சி மணல்ல இருக்கற தோரியம் என்னைக்காவது நம்ம காரை ஓட்டும்னா இந்த ஈனுலை வழியா பிளக் பாயிண்ட்டுக்கு வந்துதான் ஓட்டும், பானெட்டுக்குள்ள உக்காந்து இல்ல. அங்க சுவர் எவ்ளோ கெட்டியா இருந்தாலும் யாரும் அதை தூக்கிட்டு மலை ஏற வேண்டியதில்ல பாருங்க.

இந்த வழில ஒரு கிராம் எவ்ளோ தூரம் வரும்னு கடைசியா போடுங்க. 22,800 யூனிட் வெப்பம், மூணுல ஒண்ணு கரண்ட், 7,500 வாக்குல. லைன்ல வர்ற வழில 15 சதவீதம் போச்சுனு வெச்சா 6,400, வீட்டு சார்ஜர்லயும் பேட்டரிலயும் இன்னொரு 10 சதவீதம், 5,700 சொச்சம் பேட்டரிக்குள்ள போகும். 0.15ஆல வகுத்தா 38,000 கிலோமீட்டர். ஒரு குடும்பத்துக்கு மூணு வருஷ ஓட்டம், ஒரே ஒரு கிராம் பிளந்ததுல. மெசேஜ்ல சொன்ன கணக்கு கிட்டத்தட்ட வந்துடுச்சு, என்ன ஒண்ணு, நடுவுல ஒரு கூடங்குளமும் ஒரு டிரான்ஸ்பார்மரும் வந்துடுச்சு.

நேர்மையா இன்னொரு வரியும் சேத்துக்கணும். கம்பில வர்ற கரண்ட்டை எனக்கு அணு மட்டும் குடுன்னு பிரிச்சு வாங்க முடியாது, மேட்டூர் அனல்மின் நிலையத்து நிலக்கரியும், டேம் தண்ணியும், ஆடி காத்துல சுத்தற காத்தாலையும், சோலாரும் எல்லாம் ஒண்ணா கலந்துதான் வரும். நாடு பூரா எடுத்தா 100 யூனிட்ல 3 யூனிட் வாக்குலதான் அணு. மதியம் சார்ஜ் போட்டா சோலார் பங்கு அதிகம், ராத்திரி போட்டா சூரியன் இல்ல, அணுவும் நிலக்கரியும் ராத்திரி பகல் பாக்காம ஓடறதால அதுங்க பங்கு கூடும். நிலக்கரி குறையணும்னு நினைக்கறவங்க முடிஞ்ச அன்னைக்கு மதியமே போட்டுடுங்க.

வீட்ல போடறவங்க 15 ஆம்பியர் பிளக்குக்கு தனி ஒயர் இழுங்க, எர்த்திங்கை ஒரு தெரிஞ்ச எலக்ட்ரீசியனை வெச்சு டெஸ்ட் பண்ணுங்க, இதுல மட்டும் காசு பாக்காதீங்க, கருகின ஒயரும் சாக்கெட்டும் எத்தனையோ என் கடைக்கு வந்துருக்கு. ரெண்டு மாச பில் 500 யூனிட்டை தாண்டினா ரேட்டே மாறும், அதையும் முன்னாடியே பாத்துக்குங்க. ஏற்காட்ல தங்கினா மேல இருக்கும்போது 100 சதவீதம் சார்ஜ் போட வேண்டாம், 80ல நிறுத்திக்குங்க, ஏன்னா இறங்கும்போது பிரேக்குல வர்ற கரண்ட்டை வாங்க பேட்டரில இடம் வேணும், இடம் இல்லனா அவ்ளோ இறக்கத்தையும் பிரேக் ஷூவே தாங்கணும்.

அந்த ஞாயித்துக்கிழமை பையனை கூட்டிட்டு 40 யூனிட் பேட்டரி வண்டில மேல போனோம், நோட்டும் கைல. வீட்ல 82 சதவீதம், ஏரிகிட்ட நிறுத்தினப்ப 57. இறங்கி அடிவாரம் வந்தப்ப 60, மூணு ஏறிருந்துச்சு. வீட்டுக்கு வந்தப்ப மறுபடி 57. ஆக போக வர 25 சதவீதம், 10 யூனிட். தட்டுவடை செட் வாங்கிட்டு வந்து உக்காந்து அவனே வகுத்தான், 10ஐ 5,700ஆல, முழுசும் அணு கரண்ட்டா இருந்தா பிளந்த யுரேனியம் ஒன்னேமுக்கா மில்லிகிராம், ஒரு கடுகு எடை. அப்பறம் பேனாவை வெச்சுட்டு கொஞ்ச நேரம் யோசிச்சு கீழ இன்னொரு வரி எழுதினான், "இப்போதைக்கு 100ல 3 தான், அதனால 0.3 யூனிட், 2 கிலோமீட்டர். ஏற்காடு ரோட்டுல கொஞ்ச தூரம்தான்."